தோளில் இரண்டு தட்டு

கண்ணுக்குள் மின்னல் வெட்டினால், ஓரத்திலிருந்து ஒரு கறுப்புத் திரை மெல்ல ஏறி வந்தால், தயவுசெய்து அதன்மேல் இரும்பை வைத்து அழுத்தாதீர்கள். நேரே கண் டொக்டரிடம் போங்கள். இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். எங்கள் தொழிலில் இருக்கும் பையன்கள் இன்றைக்கும் அதே மடத்தனத்தைச் செய்கிறார்கள் என்று கேள்விப்படும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நாங்கள் செய்தபோது எங்களுக்குத் தெரியாது. இவர்கள் தெரிந்தும் செய்கிறார்கள் என்றால் என்ன சொல்வது?

ஆனால் கண்ணைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவிட முடியவில்லை. நான் ஆஸ்பத்திரியில் கண் கட்டிக் கிடந்த நாட்களில்தான் கண்டியில் தமிழர் கடைகள் எரிந்தன. எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடி மாதம். ஊரே கண்ணால் பார்த்த கலவரத்தை நான் காதாலும் மூக்காலும் மட்டுமே அறிந்தேன். அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவன். பெயர் செல்வராஜ். கண்டி டவுனில் ஒரு இரும்புக் கடையில் மூட்டை இறக்க வந்தவனை ஜமால் நானா பிடித்துக்கொண்டார். முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள், எனக்கும் அவர் நானாதான். கண்டிக்குப் பக்கத்தில், திகனயில் அரிசி ஆலைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் மணல் மூட்டையைத் தொங்கவிட்டு, இளவட்டங்களுக்கு அவர் குத்துச்சண்டை பழக்கிக்கொண்டிருந்தார். இளமையில் அவரும் ரிங்கில் ஏறியவர். பிறகு லொறியில் அடிபட்டு ஒரு கால் இழுத்துப் போனது. கடைக்கு ஆணி வாங்க வந்தவர் என் தோளைப் பார்த்துவிட்டு, "தம்பி, மூட்டைய சும்மா சும்மா தூக்குறியே, அதுக்கு ரெண்டு குத்து குடுத்துப் பாத்தீக்கியா?" என்று கேட்டார். அப்படித்தான் ஆரம்பம்.

குத்துச்சண்டை எனக்குக் கோப்பைகளைத் தந்தது. கோப்பையில் சோறு வேகாது என்று என் மனைவி சரோஜா அடிக்கடி ஞாபகப்படுத்துவாள். கராத்தே படங்கள் ஓடி ஓய்ந்த காலம் அது. காலாலும் உதைத்தால் சனம் இன்னும் அதிகமாக டிக்கெட் வாங்கும் என்று கார்னிவல் முதலாளிகள் கண்டுபிடித்திருந்தார்கள். தகரத்தால் வேலி கட்டி, ஒலிபெருக்கியில் 'கிக் பொக்சிங்' என்று கத்துவார்கள். நானும் உதைக்கக் கற்றுக்கொண்டேன். மாத்தளை, குருநாகல், பதுளை என்று கார்னிவல் போகிற இடமெல்லாம் காசுக்குச் சண்டை போட்டேன். பேர் வாங்கியது கையால், வயிறு நிறைந்தது காலால்.

ரிங்கின் மூலையில், எங்கள் கோர்னரில், ஒரு வழக்கம் இருந்தது. ஒரு ரவுண்ட் முடிந்து சண்டைக்காரன் ஸ்டூலில் உட்கார்ந்ததும் அவனுடைய ஆள் முகத்தைத் துடைக்க வேண்டும், வெட்டுக்கு வாஸ்லின் பூச வேண்டும். ஆனால் மூன்று நிமிடமாக முகத்தை நோக்கி வருகிற கைகளிலிருந்து தலையை விலக்கிக்கொண்டே இருந்தவனுக்கு, நண்பன் கை எது, எதிராளி கை எது என்று உடம்பு பார்த்துக்கொண்டிருக்காது. என் முதல் சண்டையில் முகம் துடைக்க ஈரத்துவாயோடு வந்த நானாவுக்கே ஒன்று விட்டுவிட்டேன். அவருடைய முன்பல் ஒன்று ஆடத் தொடங்கியது. அதற்குப் பிறகு அவர் ஒரு முறை வைத்தார். முதலில் தோளில் இரண்டு தட்டு, அதன் பிறகுதான் முகத்தில் கை.

"தட்டினா நம்மட கை. தட்டாம வந்தா அவன்ட கை. மறந்துடாத" என்றார்.

உடம்பு அதைச் சீக்கிரமே பழகிக்கொண்டது. இரண்டு தட்டு விழுந்தால் கழுத்து தானாக இளகிவிடும்.

எண்பத்து மூன்றாம் வருடம் வெசாக் பண்டிகைக் காலத்துக் கார்னிவலில் எதிராளியின் குதிக்கால் என் வலது கண்ணில் இறங்கியது. சண்டையில் நான்தான் வென்றேன், அதில் ஒன்றும் குறைச்சல் இல்லை. கண் கத்தரிக்காய் போல வீங்கியது. வீக்கத்துக்கு எங்களிடம் ஒரு வைத்தியம் உண்டு. உள்ளங்கையளவு தட்டை இரும்பு ஒன்று ஐஸ் வாளியில் கிடக்கும். அதை எடுத்துக் கண்மடலில் வைத்து அழுத்தினால் வீக்கம் வடியும். இரண்டொரு நாளில் வடிந்தும் விட்டது. ஆனால் கண்ணை அசைத்தால் ஓரத்தில் மின்னல் வெட்டியது. பிறகு கரித்தூள் தூவியது போலப் புள்ளிகள். பிறகு காதுப் பக்கத்திலிருந்து ஒரு நிழல்.

"வீக்கம் உள்ளுக்கு எறங்கி ஈக்கி. அதுதான் மறைக்கிது" என்றார் நானா.

அவர் சொன்னால் எனக்கு வேதம். ஒவ்வொரு மாலையும் கொட்டகையில் அவர் மடியில் தலை வைத்துப் படுப்பேன். இரண்டு தட்டுத் தட்டிவிட்டு இரும்பை வைப்பார். எத்தனை பக்குவமாக அழுத்துவார் தெரியுமா? பெற்ற பிள்ளைக்குக்கூட யாரும் அப்படிச் செய்யமாட்டார்கள். உள்ளே கிழிந்துகிடந்த கண்ணை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அவ்வளவு அன்போடு மேலும் கிழித்துக்கொண்டிருந்தோம்.

சரோஜாவுக்குத்தான் முதலில் விளங்கியது. ஒரு காலை நான் கேத்தலைச் சாய்த்துக் கோப்பைக்குப் பக்கத்தில் தேநீரை ஊற்றினேன்.

"என்னாங்க, கோப்பை இங்கிட்டு இருக்கு" என்றாள். பிறகு என் முகத்துக்கு முன்னால் கையை ஆட்டிப் பார்த்தாள்.  சேலையை மாற்றிக்கொண்டு, "கெளம்புங்க, ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்றாள்.

கண் பிரிவின் வாங்குப் பலகையில் நாங்கள் இருவரும் நானாவுமாகக் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தோம். கண்மணியை விரிய வைக்கும் மருந்தை விட்டார்கள். உலகம் முழுவதும் வெள்ளையாகக் கலங்கிப்போனது. இருட்டறைக்குள் கூப்பிட்டபோது எனக்கு வலது பக்கம் சுவரில் இடித்தது. உள்ளே இருந்த டொக்டர் யாழ்ப்பாணத்தார். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கண்ணுக்கு முன்னால் ஒரு கண்ணாடி வில்லையைப் பிடித்து, மேலே பார், கீழே பார் என்று வெகுநேரம் பார்த்தார்.

"தம்பி என்ன வேலை?"

"குத்துச்சண்டை, சேர். இது காலால பட்டது."

"கை காணாதெண்டு காலுமோ?" என்றார். சிரிக்கவில்லை.

பிறகு எனக்கு விளங்கும்படி சொன்னார். கண்ணின் பின்சுவரில் மெல்லிய தாள் போல ஒன்று ஒட்டியிருக்கிறது. அதற்கு விழித்திரை என்று பெயர். நாம் பார்ப்பதெல்லாம் அதில்தான் விழுகிறது. அடி பட்டதில் அது கிழிந்து, கண்ணுக்குள் இருக்கிற நீர் அந்தக் கிழிசல் வழியாகப் பின்னால் போய், மழைக்கு நனைந்த சுவரொட்டி போல அதைக் கழற்றிவிட்டிருக்கிறது. பாதி கழன்றுவிட்டது. நடுப்பகுதி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதுவும் போனால் பார்வை திரும்பி வராது. வெளியிலிருந்து சிறு ரப்பர்ப் பட்டி வைத்துத் தைத்து, சுவரை உள்நோக்கித் தள்ளி, கழன்ற தாளோடு சேர்த்து ஒட்ட வைக்க வேண்டும்.

"இடது கண்ணிலயும் மெலிஞ்ச இடம் கிடக்கு. அதை நம்பி இதை விடேலாது. ரெண்டும் போனா, தம்பி, பிறகு என்ன செய்வீர்?"

கூட வந்திருந்த நானா அப்போதுதான் வாயைத் திறந்தார். "சேர், நாங்க ஐஸ் இரும்பு வச்சி அழுத்தினம். வீக்கம் என்டு நெனச்சி... டெய்லி."

டொக்டர் விளக்கை அணைத்தார். ஒரு நல்ல மனிதன் கோபத்தை விழுங்குவதை அந்த இருட்டில் கேட்டேன். "இனி அழுத்தாதேயும்" என்று மட்டும் சொன்னார். பிறகு என்னிடம், "ரிங்கும் இத்தோட முடிஞ்சுது. விளங்குதே?" என்றார்.

விளங்கியது. வெளியே வந்து வாங்கில் உட்கார்ந்து அழுதேன். கண்ணுக்காக அழுதேனா ரிங்குக்காகவா என்று கேட்டால், அன்றைக்கு ரிங்குக்காகத்தான். சரோஜா முதுகைத் தடவிக்கொண்டு, "அடி வாங்குறதுக்குச் சம்பளம் குடுக்குற வேலை இந்த ஒன்னு மட்டுமா இருக்கு? வேற பார்த்துக்கலாம்" என்றாள். நானா தூரத்தில் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். கிட்டே வரவில்லை.

ஒப்பரேஷன் நடந்தது. மயக்கம் தெளிந்தபோது இரண்டு கண்ணிலும் கட்டு. ஒரு கண் அசைந்தால் மற்றதும் கூடவே அசையும், அதனால் நல்ல கண்ணையும் கட்டுவார்கள். தலையின் இரண்டு பக்கமும் மணல் பைகள். எத்தனையோ வருடம் மணல் மூட்டையைக் குத்தியவனுக்கு இப்போது மணல் மூட்டைகள் காவல். இருமக்கூடாது, தும்மக்கூடாது, சிரிக்கக்கூடாது, மலசலத்துக்கு முக்கக்கூடாது. கழன்ற தாள் சுவரில் பிடிக்கும்வரை தலையை ஒரு நூல் அசைத்தாலும் செய்த வேலை வீண்.

"கட்டை நான்தான் அவிழ்ப்பன்" என்றார் டொக்டர். "வேற ஆரும் கை வைக்க விடாதேயும். அதுவரைக்கும் கல்லு மாதிரிக் கிடவும்."

கல்லாகக் கிடப்பது எப்படி? முதல் தடவை மருந்து விடுவதற்கு நர்ஸ் மிஸ் கட்டின் ஓரத்தைத் தொட்டதும் என் தலை தானாக விலகியது, கை தானாகப் பறந்தது. தட்டம் கீழே விழுந்து உருண்டது. "ஐயோ! ஒளுவ ஹொல்லன்ன எப்பா!" என்று கத்தினார். தலையை ஆட்டாதே என்பதை நான் எந்தப் பாஷையிலும் புரிந்துகொள்ளும் நிலையில்தான் இருந்தேன். ஆனால் புரிந்துகொள்ள வேண்டியது நானல்ல, என் கழுத்து. என் மணிக்கட்டுகளைத் துணிப்பட்டியால் கட்டிலோடு கட்டிவிட்டார்கள்.

அன்று மாலை நானா வந்து விஷயத்தைக் கேட்டார். மிஸ்ஸைக் கூப்பிட்டுச் சிங்களத்தில் விளக்கினார். முதலில் தோளில் இரண்டு தட்டு, பிறகு எதை வேண்டுமானாலும் செய்யுங்கள், இவன் பூனைக்குட்டி. மிஸ் சிரித்தார். தட்டினார். மருந்து விட்டார். என் தலை அசையவில்லை. அடுத்த நாள் மிஸ் டொக்டரிடமும் சொல்லியிருக்கிறார். "உமக்கு முன்னறிவித்தல் தேவையாமே?" என்று கேட்டுவிட்டு டொக்டரும் இரண்டு தட்டுத் தட்டினார். அதற்குப் பிறகு ஒரு தடவைகூடத் தட்டாமல் அவர் என்னைத் தொட்டதில்லை. தூக்கத்தில் கை பறந்துவிடும் என்று மணிக்கட்டுத் துணிப்பட்டிகளை மட்டும் அவிழ்க்கவில்லை.

கண் கட்டிக் கிடப்பவனுக்குச் செருப்புகள்தான் மனிதர்கள். டொக்டரின் தோல் சப்பாத்து ஒவ்வொரு அடிக்கும் கிறீச்சிடும். மிஸ்ஸின் ரப்பர் அடிகள் தரையில் ஒட்டி ஒட்டி எழும். நானா ஒரு காலை ஊன்றி மற்றதை இழுப்பார். சரோஜா வெறுங்காலோடு வருவாள், ஆனால் வளையல் காட்டிக்கொடுத்துவிடும். தேநீர் வண்டிக்கு ஒரு சக்கரம் கோணல். அது வந்தால் காலை, மறுபடி வந்தால் பின்னேரம். இப்படித்தான் எனக்குப் பொழுது போய்க்கொண்டிருந்தது.

ஒரு நாள் தேநீர் வண்டி வரவில்லை.

வார்டில் யாரும் உரக்கப் பேசவில்லை. யாரோ வானொலியைத் திறந்து ஊரடங்குச் சட்டம் என்ற சொல் வந்ததும் அணைத்தார்கள். சரோஜா வெந்நீர் எடுத்துவரப் போனவள், போத்தல் இல்லாமல் திரும்பி வந்தாள். என் கையைப் பிடித்தாள். வளையல் சத்தம் இல்லை.

"வளையல் எங்க?"

"கழட்டிட்டேன். மிஸ்தான் கழட்டச் சொன்னாங்க. கத்தாதீங்க." என் காதருகில் வந்தாள். "கீழ டவுன்ல கடையெல்லாம் எரியுதுங்க. நம்ம ஆளுங்க கடைங்க. தேடித் தேடிக் கொளுத்துறாங்களாம்."

கொஞ்ச நேரத்தில் எனக்கே அது மூக்குக்கு வந்தது. துணி எரிகிற நாற்றம், ரப்பர் எரிகிற நாற்றம், இடையிடையே ஏலமும் கறுவாவும் கருகுகிற வாசனை. வார்டின் யன்னல்களை அடைத்தார்கள். ஆனாலும் புகை வந்தது. தொண்டையில் ஒரு கூர் குத்தியது. இருமல் வரப்போகிறது என்று தெரிந்ததும் எனக்கு வந்த பயம் இருக்கிறதே, எந்த ரிங்கிலும் அப்படி ஒரு பயத்தை நான் அறிந்ததில்லை. ஊர் எரிகிறது, நம் சனம் செத்துக்கொண்டிருக்கிறது, நான் என்னவென்றால் இருமாமல் இருப்பதற்காகப் போராடிக்கொண்டிருந்தேன். சரோஜா ஈரத்துணியை என் மூக்கில் போர்த்தினாள். துளித்துளியாகத் தண்ணீர் விட்டாள். நான் எச்சிலை விழுங்கி விழுங்கி அந்த இருமலை நெஞ்சுக்குள்ளேயே அடக்கினேன். கண்ணீர் கட்டுக்குள் சுட்டது.

டொக்டர் அன்று வரவில்லை. மறுநாளும் கிறீச்சிடும் சப்பாத்துச் சத்தம் கேட்கவில்லை.

அதற்கு அடுத்த நாள் மிஸ் வந்து, தனக்குத் தெரிந்த தமிழில் சரோஜாவிடம் சொன்னார். "தமிழ் ஆக்கள் கேம்புக்குப் போக லொறி வந்திருக்கு. கீழ நிக்குது. நீங்க போங்க. இங்க... எனக்குச் சொல்ல ஏலாது. போங்க."

"இவரு?"

மிஸ் என் தலைமாட்டு மணல் பையைச் சரிசெய்தார். எனக்கே பதில் தெரியும். லொறித் தட்டில், அந்த மலைப்பாதைப் பள்ளங்களில், தூக்கித் தூக்கிப் போடும் சவாரியில் என் கண் மிஞ்சாது.

"நீ போ" என்றேன்.

"போறேன். நாளைக்குப் போறேன்."

"சரோஜா, வெளையாடாத. எனக்குக் கண்ணுதான் போகும். உனக்கு..."

"எனக்கு என்னா? நீங்க பேசாமப் படுங்க. பேசினாத் தலை ஆடுது."

"நான் சொல்றதக் கேளு. என்னைப் பத்தி யோசிக்காத. நானும் வாறேன், லொறியிலயே போவோம். கண்ணு போனாப் போகட்டும்."

 வெளியே லொறியின் ஹோர்ன் அடித்தது. அவள் குரலை இறக்கிச் சொன்னாள். "கண்ணு போனாப் போகட்டும்னு சொல்ல இது உங்க கண்ணு மட்டும் இல்லைங்க. நாளைக்குக் கையப் புடிச்சிக் கூட்டிக்கிட்டுத் திரியப்போறது நானு. இத்தன வருசமா ஒவ்வொரு சண்டைக்கும் போகாதீங்க, போகாதீங்கன்னு சொன்னேன், ஒரு தடவ கேட்டீங்களா? இப்ப நான் சொல்றத ஒரு தடவ கேளுங்க. அசையாமப் படுங்க."

லொறி புறப்பட்டுப் போகும் சத்தம் சரிவில் வெகுநேரம் கேட்டது. அவள் கை என் கைக்குள்ளேயே இருந்தது. 

ஊரடங்கைக் கொஞ்ச நேரம் தளர்த்தியபோது நானா வந்தார். காலை இழுக்கும் சத்தம் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. இரண்டு தட்டுத் தட்டி, என் நெற்றியைத் தடவினார். அவர் மேலிருந்து எப்போதும் வீசும் தைல வாசனை, ரிங்கின் வாசனை. சாப்பிடப் பாண் கொண்டு வந்திருந்தார். நான் மூட்டை இறக்கிய இரும்புக் கடையும் சாம்பலாகிவிட்டது என்றார்.

"டொக்டர் எங்க, நானா?"

"அவர்ட வீடு பத்தி எரிஞ்சி பெய்த்து மவன்."

"ஆள்?"

"தெரியா. ஸ்கூல்ல கேம்ப் போட்டீக்கி, அங்க ஆயிரக்கணக்குல சனம். தேடிப் பாக்கிறன்."

கட்டுக்குள் கண் விண்விண் என்று தெறித்துக்கொண்டிருந்தது. கட்டை மாற்றும் நாள் கடந்துவிட்டது. புகையும் கண்ணீரும் சேர்ந்து துணி நாறத் தொடங்கியிருந்தது. உள்ளே சீழ் பிடித்தால் எல்லாம் போய்விடும் என்று எனக்கே தெரியும். அவிழ்க்க மிஸ்ஸுக்குப் பயம். மற்ற டொக்டர்மார் வெட்டுக்காயங்களோடும் தீக்காயங்களோடும் வந்தவர்களை விட்டு நகர முடியாமல் இருந்தார்கள்.

நானா எழுந்தார். "இரும்ப வச்சது நான்தானே. அவிழ்க்கிறத்துக்கு ஆளக் கூட்டி வாறதும் நான்தான்" என்றார். நான் ஏதோ சொல்வதற்குள் இழுக்கும் கால் போய்விட்டது.

அதற்கு மறுநாள் நண்பகல். ஆஸ்பத்திரி வாசல் பக்கமிருந்து ஒரு கூச்சல் வந்தது. பல குரல்கள் ஒன்றாகச் சேர்ந்தால் அதில் சொற்கள் கேட்காது, கார்னிவல் கூட்டத்தில் எனக்குப் பழகிய சத்தம்தான். ஆனால் இது டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்த கூட்டமல்ல. மிஸ் ஓடி வந்தார். சரோஜாவின் கையை என் கையிலிருந்து பிரித்தார். துணிகள் வைக்கும் அறையின் கதவு திறந்து மூடியது. சாவி திரும்பியது. பிறகு மிஸ் திரும்பி வந்து என் மணிக்கட்டுக் கட்டுகளை அவிழ்க்கத் தொடங்கினார். முடிச்சு அவிழாமல் விரல்கள் தடுமாறின.

"ஏன் மிஸ், ஏன் அவிழ்க்கிறீங்க?"

"சும்மா" என்றார்.

யாரும் உள்ளே வந்தால் கையாவது விடுபட்டிருக்கட்டும் என்று அவிழ்க்கிறார் என்பது அந்த 'சும்மா'விலேயே எனக்கு விளங்கியது.

ரப்பர் அடிகள் வார்ட் வாசலை நோக்கிப் போயின. கதவு சாத்தப்பட்டது. கூச்சல் கிட்டே வந்தது, ஓரிடத்தில் நின்றது, யாரோ அதட்டினார்கள், பொலிஸாக இருக்கலாம், ஆர்மியாக இருக்கலாம். கொஞ்ச நேரத்தில் அது விலகிப்போவது போலவும் இருந்தது, போகாதது போலவும் இருந்தது. பக்கத்துக் கட்டில்காரர் வாய்க்குள் கும்பிட்டுக்கொண்டிருந்தார். அவருடைய சாமியும் என்னுடைய சாமியும் வேறு. ஆனாலும் அவர் யாருக்காகவோ கும்பிடுவது எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது.

பிறகு கதவு திறந்தது.

செருப்பு. ரப்பர்ச் செருப்பு, அளவில்லாத செருப்பு. குதிக்காலில் அடித்து அடித்து வந்தது. டொக்டர் இல்லை, அவர் சப்பாத்து இப்படிச் சத்தம் போடாது. மிஸ் இல்லை. அந்த நடை ஒவ்வொரு கட்டிலாக நிதானித்து, ஆளைத் தேடுகிற நடையாக வந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் வருகிறவனுக்கு இங்கே என்ன வேலை?

கிட்டே வந்ததும் தைல வாசனை அடித்தது. நானாவின் தைலம். ஒரு நொடி மனம் இளகியது. ஆனால் கால் இழுக்கவில்லை. இரண்டு காலும் ஒரே சீராக வந்தன. நானாவின் வாசனையோடு நானா இல்லாத ஒருவன். அப்படியென்றால் நானாவை என்ன செய்தார்கள்? அந்த நினைப்பு வந்ததும் என் வலது கை தானாக மடங்கியது.

அவன் என் தலைமாட்டில் நின்றான். மூச்சு வாங்குவது கேட்டது. அந்த மூச்சை வைத்தே அவன் முகவாய் எங்கே இருக்கிறது என்று என் கைக்குத் தெரியும். படுத்த இடத்திலிருந்து ஒரு குத்து, அது போதும். ஆனால் அடிக்க வேண்டுமென்றால் தோள் எழும்ப வேண்டும், தோள் எழும்பினால் தலை எழும்பும், தலை எழும்பினால் கண் போய்விடும். அடிக்காவிட்டால் உயிரே போகலாம். உயிர் போன பிறகு கண் எதற்கு? இவ்வளவும் யோசித்தேன் என்று இப்போது எழுதுகிறேனே தவிர, அப்போது இருந்ததெல்லாம் இறுகிய கைமுட்டியும் சரோஜாவின் குரலும்தான். அசையாமப் படுங்க. அவள் கேட்டது அந்த ஒன்றைத்தான்.

நான் அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

தோளில் இரண்டு தட்டு விழுந்தது.

என் கழுத்து இளகியது. கை விரிந்தது. 

"தம்பி" என்றது ஒரு குரல், காதோடு காதாக. "அசையேல்லைத்தானே?"

டொக்டரின் குரல்.

கதவைச் சாத்திக்கொண்டு வந்த மிஸ் பிறகுதான் எல்லாவற்றையும் சொன்னார். நானா கேம்பில் தேடித் தேடி, ஒரு வகுப்பறை மூலையில் டொக்டரைக் கண்டுபிடித்திருக்கிறார். உடுத்த உடுப்போடு வீட்டுப் பின்மதிலால் குதித்து ஓடி வந்திருந்தார் அவர். நோயாளிகளை ஏற்ற வந்த அம்புலன்ஸில், பார்ப்பவர்கள் முஸ்லிம் ஆள் என்று விட்டுவிடும்படி, தன்னுடைய சாரத்தையும் மேல்சட்டையையும் தொப்பியையும் செருப்பையும் டொக்டருக்குக் கொடுத்து அனுப்பியிருக்கிறார் நானா. அவரோ டொக்டரின் கிழிந்த காற்சட்டையோடு கேம்பிலேயே தங்கிவிட்டார். வழியிலும் வார்டிலும் வாயே திறக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பியதும் அவர்தான். யாழ்ப்பாணத்துத் தமிழ் ஒரு சொல்லிலேயே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

சரோஜாவை வெளியே விட்டார்கள். யன்னல் திரைகளை இழுத்து இருட்டாக்கினார்கள். டொக்டர் மீண்டும் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுக் கட்டை அவிழ்த்தார். ஒட்டிய துணியை வெந்நீரால் நனைத்து நனைத்து எடுத்தார்.

முதலில் இடது கண் திறந்தது. நானாவின் சட்டை தெரிந்தது. அதற்கு மேலே, நானாவின் தொப்பிக்குக் கீழே, தாடி முளைத்த டொக்டரின் முகம். அதற்கு அப்பால் சரோஜா. அவள் நெற்றியில் பொட்டு இல்லை. கழுத்தில் தாலிக்கயிறும் இல்லை. நான் செத்துவிட்டேனோ என்று ஒரு கணம் நிசமாகவே நினைத்தேன்.

"பொட்டு எங்க? தாலி எங்க?" என்றேன்.

"வளையலோட பத்திரமா இருக்கு, பேசாதீங்க" என்றாள்.

வலது கண்ணைத் திறக்கச் சொன்னார் டொக்டர். நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு வில்லையை என் கண்ணுக்கு முன்னால் கொண்டு வந்தார். வெளிச்சம் வந்தது, ஓடியது. மீண்டும் வந்தது, மீண்டும் ஓடியது. அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது. வில்லையை இறக்கினார். மற்றக் கையால் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். நிற்கவில்லை.

"கொஞ்சம் பொறும்" என்றார். "இப்ப சரியாயிடும். கொஞ்சம் பொறும்."

வீடு எரிந்த மனிதன். பெண்டாட்டி பிள்ளைகள் எங்கே என்று நான் கேட்கவில்லை. என் கைகள் அவிழ்ந்துதான் கிடந்தன. தலையை அசைக்காமல், வலது கையை மட்டும் தூக்கி, தடவிப் பார்த்து அவர் தோளைக் கண்டுபிடித்தேன்.

இரண்டு தட்டுத் தட்டினேன்.

அவர் என்னைப் பார்த்தார். மூச்சை ஒருமுறை இழுத்து விட்டார். வில்லையை எடுத்தார். இந்த முறை வெளிச்சம் நின்றது. மேலே, கீழே, மூக்குப் பக்கம், காதுப் பக்கம்.  சரோஜாவின் விரல்கள் என் பாதத்தை இறுக்கிப் பிடித்திருந்தன.

"ஒட்டியிருக்கு" என்றார் டொக்டர். "ஓம். வடிவா ஒட்டியிருக்கு."

விளக்கைக் கழற்றிவிட்டு என் கட்டிலின் ஓரத்திலேயே உட்கார்ந்தார். இடது கண்ணில் தெளிவாக, வலது கண்ணில் தண்ணீருக்குள் பார்ப்பது போல மங்கலாக, ஒரே மனிதர் தெரிந்தார். நானாவின் சட்டைக் கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அவர் அழுவதை நான் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.